கொல்லையில் ஒரு குட்டிக் குளம்

கொல்லைப்புறத்தில் நாலு குடம் தண்ணீர் தேங்கி நின்றாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கொசு! அதுவும் டெங்குக் காய்ச்சல் என்ற பேரைக் கேட்ட நாளிலிருந்து, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக்கூடக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். இப்படிப்பட்ட நாளில் யாராவது வந்து, "கொல்லையில் ஒரு அல்லிக் குளம் வையுங்கள், அதில் மீன் விடுங்கள்" என்று சொன்னால், "வேறு வேலை இல்லையா?" என்றுதானே கேட்கத் தோன்றும்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. செடியும் மீனும் சரியான அளவில் சேர்ந்த தண்ணீரில் கொசுவுக்கு வேலையே இல்லை. தண்ணீர் நாறாது. வாரா வாரம் தொட்டியைக் கழுவிக் கொட்டவும் வேண்டாம். எந்தச் செடி, எந்த மீன், எத்தனை என்பதில்தான் சூட்சுமம். போன தை மாதம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தபோது, இந்தச் சூட்சுமத்தைக் கையாளும் இரண்டு வீடுகளைப் பார்த்தேன். பார்த்ததையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மஞ்சக்குப்பத்துத் தொட்டி

கடலூரை ஒரே ஊர் என்கிறோமே தவிர, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம், முதுநகர் என்று பல ஊர்கள் கைகோத்து நிற்கிற ஊர் அது. மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது. வடக்கே தென்பெண்ணை. தெற்கே உப்பனாறும் பரவனாறும். கிழக்கே கடல். தண்ணீருக்கு நடுவில் ஊர் என்றே சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் நாத்தனார் வீடு மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. கொல்லையில், மாடு கன்று இருந்த காலத்தில் தண்ணீர் காட்டிய பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்று. நீளம் 6 அடி, அகலம் 4 அடி. மாடுகள் போன பிறகு சும்மா கிடந்த அந்தத் தொட்டியைத்தான் நாத்தனாரின் மாமியார் அல்லிக் குளமாக்கியிருக்கிறார். ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு!

"தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாத்துவீங்கம்மா?" என்று கேட்டேன்.

"மாத்தி மாத்திக் கழுவினாத்தாம்மா கெட்டுப்போவுது. நான் முழுசாக் கொட்டி ரெண்டு வருஷமாச்சு. குறையற தண்ணிய ஊத்துறதோட சரி" என்றார் அந்த அம்மா.

"அண்ணி, நம்பவே மாட்டீங்க, கொல்லையில வேற எங்க கொசு வந்தாலும் இந்தத் தொட்டியில ஒரு புழு இருக்காது" என்று நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள்.

இது மாயமில்லை. அந்தத் தொட்டிக்குள் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

முதல் ஆள் அல்லி. அதன் இலை குடை மாதிரி. வெயில் நேரே தண்ணீரில் விழுந்தால் பாசி கொழுத்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். மேற்பரப்பில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இலை மூடினால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. மீனுக்கும் சித்திரை வெயிலில் நிழல் கிடைக்கும். முழுக்க மூடவிடக் கூடாது. மூடினால் அடியில் இருக்கும் செடி வாடிவிடும்.

இரண்டாவது ஆள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி வளரும் வேலம்பாசி. பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லா என்று படித்தோமே, அதுதான். பகலில் இது மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைத் தண்ணீரில் கலக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சத்தைத் தின்றுதான் பாசி வளரும் என்பதால், இது முந்திக்கொண்டால் பாசிக்குப் பட்டினி.

மூன்றாவது மீன். கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறந்துபோக நம் ஊர் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் பசித்த மீன் பக்கத்தில் இருந்தால் எந்தப் புழுதான் தப்பும்?

நான்காவது ஆள் நத்தை. உதிர்ந்த இலையையும் சுவரில் படியும் பாசியையும் சத்தம் போடாமல் தின்று தீர்க்கும்.

அளவுதான் முக்கியம்

சமையலில் உப்பைப் போலத்தான் இதிலும் மீன். ஆசைக்குப் போடக் கூடாது, அளவுக்குத்தான் போட வேண்டும். தண்ணீர் எத்தனை ஆழம் என்று பார்க்காதீர்கள். மேற்பரப்பு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். காற்று தண்ணீரில் கலப்பது மேற்பரப்பு வழியாகத்தானே? ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குல மீன், அதற்கு மேல் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்துத் தொட்டி 24 சதுர அடி. அப்படியானால் மொத்தம் 24 அங்குல மீன். இரண்டு அங்குல மீன் என்றால் 12 போதும். மீன் வளரும், குஞ்சு பொரிக்கும் என்பதால் அந்த அம்மா முதலில் எட்டுதான் விட்டாராம். அல்லி இரண்டு தொட்டி. வேலம்பாசி இரண்டு சதுர அடிக்கு ஒரு கொத்து வீதம் 12 கொத்து. நத்தை ஏழெட்டு. ஓரத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் இரண்டு சட்டிகளில் நீர்ப்பிரமியும் வசம்பும்.

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஈரமண்ணில் நன்றாக வளரும், இலையைக் கசக்கினால் வாசனை ஊரைத் தூக்கும். ஆனால் இளம் தாய்மார்களே, அதைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். செடியாகப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அல்லிக்கும் தாமரைக்கும் வித்தியாசம் தெரியாமல் நாற்றுக் கடையில் பலர் தடுமாறுகிறார்கள். அல்லி இலை தண்ணீரின்மேல் படிந்து மிதக்கும். காம்பு சேரும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், வெட்டு கிடையாது. தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். தாமரைக் கிழங்கு சேற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு அகலமான இடம் வேண்டும். சின்னத் தொட்டிக்கு அல்லியே ஏற்றது. அல்லியிலும் நீல அல்லி பகலில் மலரும். நம் குளங்களில் இருக்கும் வெள்ளை, சிவப்பு அல்லிகள் மாலையில் மலர்ந்து மறுநாள் காலை வெயில் ஏறினதும் கூம்பும். பகலெல்லாம் அடுப்படியில் இருப்பவர்களுக்கு இரண்டாவது ரகம்தான் வசதி. வேலை முடிந்து நாம் கொல்லைக்கு வரும்போது அதுவும் மலர்ந்திருக்கும்!

இன்னொரு விஷயம். கடலை ஒட்டிய பகுதிகளில் சில இடங்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அல்லிக்கு உப்பு ஆகாது. எப்படித் தெரிந்துகொள்வது? நமக்குத் தெரியாததா? துவரம்பருப்பு வேகாத தண்ணீர் அல்லிக்கும் உதவாது. மழைத் தண்ணீரைப் பிடித்து நிரப்புவது உத்தமம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

ரயில் ஜன்னலில் ஒரு பாடம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போனேன். கடலூர் துறைமுகம் ஸ்டேஷன் தாண்டினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வரிசையாக வரும். தை மாதத்தில் அந்த வழி கண்ணுக்கு விருந்து. மழை முடிந்து குட்டை, பள்ளம் எல்லாம் நிரம்பி, அல்லி பூத்துக் கிடக்கும்.

ஆனால் சில வாய்க்கால்களைப் பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது. தண்ணீரே தெரியவில்லை. ஒரே பச்சைப் பாய், மேலே ஊதாப் பூ. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் வெங்காயத்தாமரை. வெங்காயம் மாதிரி உப்பிய காம்பு இருப்பதால் அந்தப் பேர். தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக உலகமெல்லாம் போன செடி இது. யாரோ ஒருவர் அழகுக்கென்று வளர்த்து, மிஞ்சியதை வெளியே எறிந்த கதைதான் எல்லா நாட்டிலும். இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். வாய்க்காலை அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே போகும்? தெருவுக்கும் வீட்டுக்கும்தான் வரும்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. மேற்கே பெய்த மழையெல்லாம் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் வழியில்தான் இந்த மாவட்டம் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சக்குப்பத்து அம்மா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: "வெள்ளம் வந்தா என் தொட்டி, எதிர்வீட்டுக் குட்டை, கெடிலம் எல்லாம் ஒண்ணும்மா. தொட்டியில வெக்கிறது ஆத்துக்குப் போனா ஆறு தாங்குமான்னு பாத்துத்தான் வெக்கணும்."

செடியும் மீனும் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் தொட்டிக்குள் சமநிலை இருந்தால் மட்டும் போதாது. தொட்டி நிரம்பி வழிகிற அன்றைக்கு வெளியே போகிறது எதுவோ, அது ஊர்க் குளத்தைக் கெடுக்கக் கூடாது. அதனால் வெங்காயத்தாமரை வேண்டவே வேண்டாம். அதன் தங்கை மாதிரி, சின்ன முட்டைக்கோஸ் போல மிதக்கும் ஆகாயத்தாமரையும் வேண்டாம். இதில் உடம்பு சம்பந்தப்பட்ட காரணமும் இருக்கிறது. மான்சோனியா என்ற கொசுவின் புழு மற்றக் கொசுப்புழு மாதிரி மூச்சுவிட மேலே வராது. இந்த மிதக்கும் செடிகளின் வேரில் குத்திக்கொண்டு அதிலிருந்தே மூச்சு வாங்கும். வேரடியில் ஒளிந்திருப்பதால் மீன் கண்ணிலும் எளிதில் படாது. யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசுதான். இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரும் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள்.

சிதம்பரத்து டீச்சர்

திருப்பாதிரிப்புலியூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் செடியால் வந்த பேர். பாதிரி மரத்தால் பாதிரிப்புலியூர், தில்லை மரத்தால் தில்லை. புலிக்கால் முனிவர் வழிபட்டதால் இரண்டுமே புலியூர். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பழைய பேர்.

நடராஜர் தரிசனம் முடித்து, கோயிலுக்குள்ளேயே இருக்கும் சிவகங்கைக் குளத்தின் படியில் சற்று உட்கார்ந்துவிட்டு, மேல வீதிக்கு அப்பால் இளமையாக்கினார் கோயிலுக்குப் போனேன். திருநீலகண்ட நாயனார் கதை நடந்த குளம் அங்கேதான் இருக்கிறது. தில்லையில் மட்பாண்டம் செய்து வாழ்ந்தவர் அவர். வேறொரு பெண்ணிடம் போய் வந்தார் என்று மனைவி ஊடல்கொண்டு, தொடக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டார். ஒரே வீட்டில் இருந்தும் தொடாமலே இருவரும் முதுமை அடைந்தார்கள். கடைசியில் சிவனடியாராக வந்த இறைவன், தான் கொடுத்து வைத்த திருவோட்டைக் காணோம் என்று வழக்காடி, மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொன்னபோது, ஒரு மூங்கில் தண்டின் இரு முனையை இருவரும் பிடித்துக்கொண்டு, ஊரறிய உண்மையைச் சொல்லி மூழ்கினார்கள். எழுந்தபோது இளமை திரும்பியிருந்தது. பெரியபுராணத்தில் வரும் கதை. அந்த அம்மாளின் பிடிவாதத்தை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை!

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் வீடு. கொல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலு கொடி கட்டத்தான் இடம். அதற்குள் கிணற்று உறை ஒன்றை வாங்கி அடியைப் பூசி, மூன்றடி விட்டத்தில் குளம் வைத்திருக்கிறார். மேற்பரப்பு ஏழு சதுர அடிதான். ஒரு சின்ன ரக அல்லி, நாலு கொத்து வேலம்பாசி, ஆறு சின்ன மீன், மூன்று நத்தை.

"டீச்சர், இந்த நத்தை அவசியமா? பார்க்கவே ஒரு மாதிரி இருக்கே" என்றேன்.

"வாங்கம்மா, உட்காருங்க, சொல்றேன்" என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன விஞ்ஞானி இருந்தார். 12 காலன், அதாவது சுமார் 55 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்ற, நாடா மாதிரி இலையுள்ள நீர்ச்செடியையும் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. சில குளத்து நத்தைகளை விட்டார். அழுகலை நத்தை தின்றது, தண்ணீர் தெளிந்தது. நத்தையின் முட்டை மீனுக்குத் தீனியானது. 1850-இல் இதை எழுதி வெளியிட்டார். உலகத்தில் மீன்தொட்டி வைப்பவர்கள் எல்லோரும் சமநிலை என்று சொல்வதற்கு அதுதான் பாலபாடம்.

"செடியும் மீனும் திருநீலகண்டரும் அவர் சம்சாரமும் மாதிரி, ஒரு கோலின் ரெண்டு முனை. ஒருத்தர் விட்டா மத்தவர் விழுந்துடுவார்" என்று சிரித்தார் டீச்சர்.

எந்த மீன் நல்ல மீன்?

டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

கொசுப்புழு தின்பதற்கென்று பலர் கப்பியும் கம்பூசியாவும் விடுகிறார்கள். சுகாதாரத் துறையினரும் பல ஊர்களில் இவற்றைக் கிணறுகளில் விட்டதுண்டு. இரண்டும் அமெரிக்கக் கண்டத்து மீன்கள். கம்பூசியா புழுவோடு நிற்காது. தவளை முட்டை, மற்ற மீன்களின் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும். அது வேண்டாம். கப்பி சாது, வண்ணமாக இருக்கும், குட்டி போட்டுப் பெருகும். வழிந்து ஓடாத, மேல்மாடித் தொட்டிக்கு அது போதும்.

தரையில் வைக்கும் தொட்டிக்கு நம் ஊர் மீனே சிறந்தது. வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஒரு சின்ன மீன் மேல்மட்டத்திலேயே நீந்துமே, பார்த்திருக்கிறீர்களா? ஊருக்கு ஊர் ஒரு பேர் சொல்வார்கள். கொசுப்புழு தின்பதில் அது சூரன். அதில் நாலு. அடிமட்டத்தில் மண்ணைக் கிளறித் தின்ன அயிரை இரண்டு. இவ்வளவுதான் டீச்சரின் தொட்டி. இவை வெள்ளத்தில் ஆற்றுக்குப் போனாலும் பிறந்த வீட்டுக்குப் போன கணக்குதான்.

தங்கமீன் ஆசையாக இருக்கிறதா? அது பெரிதாக வளரும், செடியின் வேரைத் தோண்டும், நிறைய கழிவு விடும். பெரிய தொட்டியில் ஒன்றிரண்டு வைக்கலாம், சின்னதில் வேண்டாம். ஜிலேபிக் கெண்டை, விரால், கெளுத்தி இவை குழம்புக்குத்தான் நல்லவை, தொட்டிக்கு அல்ல. ஜிலேபி பெருகித் தள்ளும். விரால் மற்ற மீனை விழுங்கிவிடும். கடையில் 'தொட்டி துடைக்கும் மீன்' என்று விற்கும், வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மீன் இருக்கிறதே, அதை வாங்கவே வாங்காதீர்கள். அது முழங்கை நீளம் வளரும். வளர்ந்ததும் மனசு கேட்காமல் புண்ணியம் என்று கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் ஆறு குளங்களில் அது பெருகி, வலையில் விழுகிற நல்ல மீனைக் குறைத்து மீனவர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது.

தீனி விஷயத்திலும் கைகட்டிக்கொள்ள வேண்டும். கோயில் குளத்தில் பொரி போடுவது போல் வீட்டுத் தொட்டியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால், தின்றது போக மிச்சம் அழுகிவிடும். நாளைக்கு ஒரு தரம், ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு ஒரு சிட்டிகை. ஊருக்குப் போனால் ஒரு வாரம் ஒன்றும் போடாவிட்டாலும் மீன் பிழைத்துக்கொள்ளும்.

பிச்சாவரத்தில் பார்த்தது

சிதம்பரம் வரை போய்விட்டுப் பிச்சாவரம் பார்க்காமல் வரலாமா? வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த சதுப்புக் காடு. படகில் போகும்போது சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் கூடை பின்னியது போல் இறங்கியிருக்கும். அந்தக் கூடைக்குள்தான் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரத்தையும் அங்கே பார்க்கலாம். பார்க்கத்தான்; ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

முன்காலத்தில் அந்தக் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து, கடலேற்றத்தில் வந்த தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் தேங்கிற்று. வெயிலில் காய்ந்து உப்பு ஏறி, செடியே முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, தண்ணீர் போய்வர வழி செய்து, கன்று நட்டார்கள். காடு திரும்பி வந்தது. அங்கே கடலேற்றம் செய்யும் வேலையை நம் தொட்டியில் செடியும் நத்தையும் செய்கின்றன. அந்த வேலைக்காரர்களை எடுத்துவிட்டால் தண்ணீர் வெறும் தேக்கம்தான்.

அங்கிருந்து குஞ்சு மீனையோ கன்றையோ பையில் போட்டுக்கொண்டு வர ஆசைப்படாதீர்கள். அது உப்புத் தண்ணீர்க் குடும்பம். நம் கிணற்றுத் தண்ணீரில் பிழைக்காது. காட்டுக்கும் நஷ்டம்.

நீங்கள் தொடங்குவதானால்

புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், மீனுக்கு ஆகாது. தண்ணீர் நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டைப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று தரம் செய்யுங்கள். ஒவ்வொரு தரமும் ஏழாம் நாள் தாண்டாமல் கொட்டிவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கொசு முந்திக்கொள்ளும். தொட்டி, நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்தில் இருக்கட்டும். மரத்தடி வேண்டாம், இலை கொட்டும்.

அல்லிக் கிழங்கை அகலச் சட்டியில் களிமண் பாங்கான மண்ணில் நட்டு, மேலே ஆற்று மணலும் கூழாங்கல்லும் பரப்புங்கள். பச்சைச் சாணம் கலக்கக் கூடாது, தண்ணீர் நாறிவிடும். முதலில் சட்டியைச் செங்கல்மேல் உயர்த்தி வையுங்கள். இலை நீள நீளக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியை இறக்கலாம்.

செடி வைத்த நாலைந்து நாளில் இரண்டு மூன்று மீனையாவது விட்டுவிடுங்கள், கொசு முந்தாமல் இருக்க. மற்றவற்றை மூன்று வாரம் கழித்து விடலாம். மீன் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும். முதல் மாதம் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும். பதறிக் கொட்டாதீர்கள், அல்லி இலை பரவினதும் தானே தெளியும். வெயில் காலத்தில் குறையும் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர், மருந்து எதுவும் பக்கத்தில் தெளிக்கக் கூடாது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? பிராணவாயு போதவில்லை என்று அர்த்தம். இரவில் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் அல்லவா? ஒரு மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிறகு மீனைக் குறைத்து, அழுகிய இலைகளை எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வழிந்தோடும் குழாயில் மெல்லிய வலை கட்டிவிடுங்கள். களைந்த வேலம்பாசியைச் சாக்கடையில் எறியாமல் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை வீட்டில் இருந்தால் தொட்டியை மூடாமல் வைக்கவே கூடாது. குழந்தை மூழ்க ஒன்றரை அடி வேண்டாம். சில அங்குலத் தண்ணீரும் ஓரிரு நிமிஷமும் போதும், சத்தம்கூட வராது. அந்த இரண்டு வீடுகளிலும் பேரக் குழந்தைகள் உண்டு. இரண்டிலும் தொட்டியின்மேல் இரும்புச் சட்டத்தில் கம்பி வலை பொருத்திப் பூட்டியிருந்தார்கள். உள்ளங்கை நுழையாத, ஆள் சாய்ந்தாலும் வளையாத வலை. அல்லி அதன் ஊடே தலை நீட்டிப் பூக்கிறது. முதலில் கொல்லரிடம் சொல்லி வலையைச் செய்து வாங்குங்கள். தொட்டிக்குத் தண்ணீர் அதற்குப் பிறகுதான்.